எது அக்கரை? யோர்தான் ஞானஸ்நான இடமும் அதன் நடுவே ஓடும் எல்லையும்

பழுப்புத் தண்ணீரில் வெள்ளை அங்கி போட்டவர்கள் மூழ்கி எழுகிறார்கள். எதிர்க்கரையிலும் வெள்ளை அங்கிக் கூட்டம், அங்கேயும் பாட்டு. நடுவில் மிதவை கோத்த ஒரு கயிறு. இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு காவல். இயேசு ஞானஸ்நானம் பெற்றதாக நம்பப்படும், யோர்தான் ஆற்றின் ஞானஸ்நான இடம் என்று வரும் படங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன. பார்ப்பவர்கள் கேட்பதும் ஏறக்குறைய இவைதான்: இது இஸ்ரேலா, ஜோர்டானா? இதில் எது உண்மையான இடம்? வாய்க்கால் அளவுத் தண்ணீரை ஏன் தாண்ட முடியாது? பயண நிறுவனம் தந்த அட்டவணையில் "யோர்தான் நதி" என்று ஒற்றை வரியில் இருப்பது எந்தக் கரை?

கடைசிக் கேள்விக்கு விடை தெரியாமல் பணம் கட்டிவிட்டால் மற்றவற்றுக்கு விடை தெரிந்தும் பயனில்லை. எந்தக் கரை என்பதைப் பொறுத்தே விசா, நுழைவுச் சோதனை, தண்ணீரின் தரம், செலவாகும் நேரம் எல்லாம் மாறுகின்றன.

குழப்பம் வராமலிருக்க ஓர் ஏற்பாடு: இந்தக் கட்டுரையில் "யோர்தான்" என்றால் ஆறு, "ஜோர்டான்" என்றால் நாடு.

ஒரு பெயர், மூன்று இடங்கள்

1. கஸ்ர் அல்-யஹூத். ஆற்றின் மேற்குக் கரையில், எரிகோ நகருக்குத் தென்கிழக்கே இருக்கிறது. 1967 போரில் இஸ்ரேல் கைப்பற்றிய பகுதி இது. இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் செய்துகொண்ட 1995 ஒஸ்லோ உடன்படிக்கை பாலஸ்தீன நிலத்தை ஏ, பி, சி என்று பிரித்தபோது சி பகுதியில் அடங்கியது. அதாவது பாதுகாப்பும் நிர்வாகமும் இஸ்ரேலின் கையில். தலத்தை நடத்துவது இஸ்ரேலின் இயற்கை மற்றும் பூங்காக்கள் ஆணையம். "இஸ்ரேலில் இருக்கிறது" என்று சுற்றுலாத் துண்டறிக்கைகள் எழுதுவது வசதிக்காக; சர்வதேசச் சட்டப்படி இது ஆக்கிரமிக்கப்பட்ட பகுதி.

2. அல்-மக்தஸ். நேர் எதிரே, கிழக்குக் கரையில், ஜோர்டான் நாட்டுக்குள் உள்ளது. அரபியில் இந்தச் சொல்லுக்கு மூழ்கும் இடம் என்று பொருள். சாக்கடலுக்கு 9 கி.மீ. வடக்கே அமைந்த இந்தத் தலம் 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

3. யார்தெனித். இது எல்லையிலிருந்து விலகி, வெகுதூரம் வடக்கே, கலிலேயாக் கடல் என்று அழைக்கப்படும் ஏரியிலிருந்து யோர்தான் வெளியேறும் இடத்துக்கு அருகே இருக்கிறது. கஸ்ர் அல்-யஹூத் ராணுவப் பகுதியாக மூடிக்கிடந்த காலத்தில், 1981-இல், பயணிகளுக்கு மாற்றாக அமைக்கப்பட்டது. இயேசுவின் ஞானஸ்நானம் இங்கே நடந்ததாக எந்தப் பழைய மரபும் இல்லை. ஆனால் ஆறு அதே ஆறு, தண்ணீர் தெளிவு, காவல் தொல்லை கிடையாது. கலிலேயாவில் இரவு தங்கும் பயணக் குழுக்கள் பெரும்பாலும் கூட்டிச்செல்வது இங்கேதான்.

அட்டவணையில் "யோர்தான் நதியில் ஞானஸ்நானம்" என்று மட்டும் இருந்து, அதே நாளில் கப்பர்நகூமும் படகுப் பயணமும் இருந்தால், அது யார்தெனித் என்று வைத்துக்கொள்ளலாம். எரிகோவும் சாக்கடலும் அதே நாளில் இருந்தால் கஸ்ர் அல்-யஹூத். நேபோ மலையும் மேதபாவும் சேர்ந்திருந்தால் அல்-மக்தஸ். ஏமாற்று என்று சொல்ல முடியாது. எழுதுபவர்களுக்கு மூன்றும் ஒன்றுதான். இடத்தின் பெயரை எழுத்தில் கேட்டு வாங்குவது பயணியின் வேலை.

வேதம் எந்தக் கரையைச் சொல்கிறது?

யோவான் நற்செய்தி 1:28 யோவான்ஸ்நானன் ஞானஸ்நானம் கொடுத்த இடத்தை "யோர்தானுக்கு அக்கரையில்" என்று குறிக்கிறது. எருசலேமிலிருந்து பார்ப்பவருக்கு அக்கரை என்பது கிழக்குக் கரை. எனவே எழுத்தின்படி பார்த்தால் ஜோர்டான் பக்கத்துக்கு வலு அதிகம்.

ஊரின் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. சீர்திருத்த சபையார் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது பெத்தாபரா. கத்தோலிக்கர் வாசிக்கும் திருவிவிலியத்தில் பெத்தானியா. மொழிபெயர்ப்பாளர் தவறு என்று இரண்டு சபையாரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளிலேயே இரண்டு பாடங்களும் உள்ளன. 3-ஆம் நூற்றாண்டில் ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் யோர்தான் ஓரமாகப் பெத்தானியா என்ற ஊரைக் காணாமல், பெத்தாபராவே பொருந்தும் என்று எழுதினார். இந்தப் பெத்தானியாவுக்கும் லாசருவின் ஊராகிய, எருசலேமுக்குப் பக்கத்துப் பெத்தானியாவுக்கும் தொடர்பில்லை.

அடுத்த சான்று கல்லில் இருக்கிறது. ஜோர்டானின் மாதபா நகரில் (வேதத்தில் மேதபா) ஒரு தேவாலயத் தரையில் 6-ஆம் நூற்றாண்டின் வண்ணக்கல் வரைபடம் ஒன்று உள்ளது. அது பெத்தாபராவை மேற்குக் கரையில் காட்டுகிறது. கிழக்குக் கரையில் அயினோன் என்று எழுதி, இப்போது அந்த இடத்துக்கு சப்சபாஸ் என்று பெயர் என்கிறது. ஆக, சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே பயணிகள் இரண்டு கரைகளிலும் நின்று ஜெபித்திருக்கிறார்கள். அந்த வரைபடத்தில் யோர்தானின் குறுக்கே கயிறு பிடித்துச் செல்லும் ஓடங்களும் உண்டு. இன்று அதே ஆற்றில் கிடக்கும் மிதவைக் கயிற்றைப் பார்ப்பவர்கள் மாதபாவிலும் ஒரு மணி நேரம் செலவிடலாம்.

அகழாய்வு கிழக்குக் கரையில்தான் அதிகம் பேசுகிறது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து அல்-மக்தஸில் பைசாந்தியக் காலத் தேவாலயங்களின் அடித்தளங்கள், ஞானஸ்நானக் குளங்கள், தண்ணீருக்கு இறங்கும் படிகள், துறவிகளின் குகைகள் வெளிப்பட்டன. 6-ஆம் நூற்றாண்டுப் பயணியான தியோதோசியஸ், தண்ணீரில் இரும்புச் சிலுவை பொருத்திய பளிங்குத் தூண் ஒன்று நின்றதாகவும், பேரரசர் அனஸ்தாசியஸ் கட்டிய தேவாலயம் பக்கத்தில் இருந்ததாகவும் எழுதியிருக்கிறார். இன்று அந்த இடிபாடுகள் ஆற்றோரம் இல்லை. தள்ளி, காய்ந்த நிலத்தில் கிடக்கின்றன. ஆறு மேற்கே நகர்ந்துவிட்டது.

இடத்தின் மதிப்பு புதிய ஏற்பாட்டோடு நிற்பதில்லை. எரிகோவுக்கு எதிரே யோசுவா இஸ்ரவேல் மக்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்ததும், தீர்க்கதரிசி எலியா வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதும் இந்தப் பகுதியில் என்பது மரபு. அல்-மக்தஸில் ஆற்றிலிருந்து சுமார் 2 கி.மீ. கிழக்கே உள்ள மேட்டுக்கு எலியா மலை என்றே பெயர்.

எல்லை ஆற்றுக்குள் இறங்கிய கதை

1948 முதல் 1967 வரை இரண்டு கரைகளும் ஜோர்டானின் கையில் இருந்தன. "மேற்குக் கரை" என்ற பெயரே அந்தக் காலத்தில் நிலைத்ததுதான்: 1950-இல் அந்தப் பகுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்ட ஜோர்டானுக்கு அது ஆற்றின் மேற்கே இருந்த கரை. அப்போது பயணிகளுக்கு ஆறு ஆறாக மட்டுமே இருந்தது.

1967 ஜூன் போரில் மேற்குப் பக்கம் இஸ்ரேலிடம் போனது. ஆறு, போர்நிறுத்தக் கோடு ஆனது. பாலஸ்தீனப் போராளிகள் கிழக்கிலிருந்து ஆற்றைக் கடந்து தாக்கினார்கள். இஸ்ரேல் கிழக்கே போய்த் தாக்கியது. 1968 மார்ச்சில் கராமே சண்டை நடந்தது இந்தப் பள்ளத்தாக்கின் கிழக்குப் பக்கத்தில். கடக்கும் துறைகளை அடைப்பதற்காக மேற்குக் கரையில் கண்ணிவெடி புதைத்தார்கள். ஞானஸ்நான இடம் அந்தத் துறைகளில் ஒன்று. ஆழம் குறைவான, இறங்கி ஏற எளிதான இடம் என்பதால்தான் மக்கள் அங்கே காலங்காலமாகக் கடந்தார்கள். அதே காரணத்துக்காகத்தான் ராணுவம் அதை அடைத்தது.

1994 அக்டோபர் 26 அன்று இஸ்ரேலும் ஜோர்டானும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி எல்லை:

1. யோர்தானின் பிரதான நீரோட்டத்தின் நடுக்கோடு. கயிறு கட்டியிருப்பது அதைக் காட்டத்தான்.

2. கரை மெல்ல அரிந்தோ மண் சேர்ந்தோ ஆறு இயற்கையாக நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். மனிதன் வாய்க்கால் வெட்டித் திருப்பினால், இரு நாடுகளும் ஒப்புக்கொண்டாலன்றி, நகராது.

3. 1967-இல் இஸ்ரேலிய ராணுவ ஆட்சிக்குள் வந்த பகுதிகளின் சட்ட நிலையை இந்தக் கோடு தீர்மானிக்காது என்று ஒப்பந்தமே சொல்கிறது. கஸ்ர் அல்-யஹூத் இந்த விதிவிலக்குக்குள் வருகிறது.

சமாதானம் வந்த பின்பு கிழக்குப் பக்கம் வேகமாகத் திறந்தது. கண்ணிவெடி அகற்றினார்கள், அகழாய்வு தொடங்கியது, 2000 மார்ச்சில் போப் இரண்டாம் ஜான் பால் வந்தார். அந்தப் பயணத்தில் அவர் மேற்குக் கரைக்கும் போனார் என்பதைக் கவனிக்க வேண்டும். எது உண்மையான இடம் என்ற வழக்கில் வத்திக்கான் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. 2009-இல் பதினாறாம் பெனடிக்டும் 2014-இல் பிரான்சிஸும் அல்-மக்தஸுக்கு வந்தார்கள். மேற்குப் பக்கத்தில் பல ஆண்டுகள் திருவிழா நாள்களில் மட்டும் ராணுவ அனுமதியோடு விட்டார்கள். எல்லா நாளும் பொதுமக்களுக்குத் திறந்தது 2011 ஜூலையில்தான்.

இரண்டு நாடுகளுக்கும் சமாதானம் இருக்கும்போது ஏன் ஆற்றில் இறங்கி அக்கரை ஏற முடியாது? சமாதானம் என்பது எல்லையை ஏற்றுக்கொண்டது என்று பொருள், திறந்துவிட்டது என்று பொருளில்லை. கயிற்றைத் தாண்டுவது, குடிநுழைவுச் சோதனை இல்லாமல் இன்னொரு நாட்டுக்குள் போவது. காவலர் முதலில் சத்தம் போடுவார். உறவினர் எதிர்க்கரையில் நின்று கையசைத்தாலும் தண்ணீருக்குள் அவரிடம் எதையும் எறியவோ கொடுக்கவோ கூடாது.

வேலிக்கு அப்பால் இருப்பது

90-ஆம் எண் நெடுஞ்சாலையிலிருந்து கிழக்கே திரும்பி கஸ்ர் அல்-யஹூத் போகும் சாலையின் இரு மருங்கும் முள்வேலி. அதில் எபிரேயம், அரபி, ஆங்கிலம் மூன்றிலும் கண்ணிவெடி எச்சரிக்கைத் தகடுகள், சிவப்பு முக்கோணத்தோடு. வேலிக்குப் பின்னால் ஆளில்லாத மடங்களும் சிற்றாலயங்களும் தெரியும். பிரான்சிஸ்கன், கிரேக்க ஆர்த்தடாக்ஸ், எத்தியோப்பியன், காப்டிக், சீரியன் என்று பல சபைகளுக்கு இங்கே நிலம் உண்டு. 1967-க்குப் பின் துறவிகள் வெளியேறிய நிலையிலேயே பல கட்டடங்கள் நின்றன. கட்டடங்களுக்குள்ளும் பொறிவெடிகள் வைக்கப்பட்டிருந்தன.

2018-இல் ஹாலோ டிரஸ்ட் என்ற கண்ணிவெடி அகற்றும் அமைப்பு, இஸ்ரேலிய அதிகாரிகளோடும் சபைகளோடும் உடன்பாடு செய்துகொண்டு வேலையைத் தொடங்கியது. எல்லாச் சபைகளையும் ஒரே தாளில் ஒப்புக்கொள்ள வைத்ததே பெரிய காரியம் என்று எருசலேமின் சபைச் சண்டைகளை அறிந்தவர்கள் சொல்வார்கள். புதைந்திருந்தவை சில ஆயிரம். 2021 ஜனவரி 10 அன்று பிரான்சிஸ்கன் ஆலயத்தில் 54 ஆண்டுகளுக்குப் பிறகு திருப்பலி நடந்தது.

அப்படியானால் இப்போது வேலியைத் தாண்டலாமா? கூடாது. காரணங்கள்:

1. டாங்கி எதிர்ப்பு வெடிகளுக்கு நூறு கிலோவுக்கு மேல் அழுத்தம் வேண்டும். ஆள் நடந்தால் பெரும்பாலும் வெடிக்காது. ஆள் எதிர்ப்பு வெடிகளுக்குக் குழந்தையின் காலடி போதும். பார்வைக்கு இரண்டையும் பிரித்தறிய முடியாது, பெரும்பாலும் பார்வைக்கே தெரியாது.

2. புதைத்தவர்கள் வரைபடம் வைத்திருப்பார்கள். ஆனால் யோர்தான் பள்ளத்தாக்கில் மாரிக்கால வெள்ளம் மென்மையான சுண்ண மண்ணை அரித்து வெடிகளை இடம் மாற்றும். வரைபடம் சொல்லும் வரிசைக்கும் மண்ணில் இருப்பதற்கும் பொருத்தம் போய்விடும்.

3. பிளாஸ்டிக் உடல் கொண்ட வெடிகளில் உலோகம் சொற்பம். உலோகங்காணும் கருவியை மட்டும் நம்ப முடியாததால், கவச வாகனத்தால் மண்ணை அள்ளிச் சலித்துப் பார்க்க வேண்டியிருக்கும். சலித்து முடித்த நிலத்துக்கும் சலிக்காத நிலத்துக்கும் நடுவே சில சமயம் ஒரு வேலிதான் இருக்கும்.

ஜோர்டான் தன் நாட்டில் அறியப்பட்ட கண்ணிவெடி வயல்கள் எல்லாவற்றையும் அகற்றிவிட்டதாக 2012-இல் அறிவித்தது. அங்கேயும் பாதையை விட்டு இறங்க வேண்டாம். வெள்ளம் இரு கரைக்கும் பொது.

நடைமுறையில் தவறு நேரும் இடம் ஆறு அல்ல, வண்டி நிறுத்தும் இடம். ஒதுங்குவதற்காகவோ படம் எடுப்பதற்காகவோ வேலியில் விழுந்திருக்கும் இடைவெளி வழியே போவார்கள். பேருந்து நின்றதும் முதலில் கழிப்பறை எங்கே என்று காட்டிவிடும் வழிகாட்டி, பாதி ஆபத்தைக் குறைத்துவிடுகிறார்.

தண்ணீர் ஏன் இப்படி இருக்கிறது

அறுப்புக் காலத்தில் கரைபுரண்டு ஓடியதாக யோசுவாவின் புத்தகம் சொல்லும் ஆறு, இன்று பல இடங்களில் பத்து மீட்டர் அகலம்கூட இல்லை. ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 130 கோடி கனமீட்டர் தண்ணீர் சாக்கடலுக்குப் போனது. இப்போது அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எங்கே போயிற்று?

1. கலிலேயாக் கடலின் தென்முனையில் 1932 முதல் தெகானியா அணை வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்துகிறது.

2. 1964-இல் இஸ்ரேலின் தேசிய நீர்க்குழாய்த் திட்டம் கலிலேயாத் தண்ணீரைத் தெற்கே கொண்டுபோகத் தொடங்கியது.

3. யோர்தானின் பெரிய துணையாறு யார்மூக். அதன் தண்ணீரை மேலே சிரியாவின் அணைகளும் கீழே ஜோர்டானின் கால்வாயும் எடுத்துக்கொள்கின்றன. ஜோர்டானின் கால்வாய் இன்று மன்னர் அப்துல்லா கால்வாய் என்று அழைக்கப்படுகிறது.

மிஞ்சிய ஆற்றில் சேர்ந்தது என்ன என்பதுதான் ஞானஸ்நானம் எடுப்பவருக்கு முக்கியம். கலிலேயாக் கடலின் தண்ணீர் உப்பாகாமலிருக்க அதன் ஓரத்து உப்பு ஊற்றுகளைத் திருப்பி, யார்தெனித்துக்குக் கீழே ஆற்றில் விட்டார்கள். கழிவுநீர், மீன்குளத் தண்ணீர், வயலில் வடிந்த உரநீர் எல்லாம் வழியில் சேர்ந்தன. யார்தெனித் தெளிவாக இருப்பதற்கும் கஸ்ர் அல்-யஹூத் கலங்கியிருப்பதற்கும் இதுவே பெரிய காரணம். மேலே இருப்பது ஏரித் தண்ணீர். கலங்கலின் நிறம் மட்டும் அழுக்கு என்று நினைக்க வேண்டாம், பழுப்பு பெரும்பாலும் வண்டல். நோய்க்கிருமி நிறமில்லாதது. 2010-இல் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு, தண்ணீர் சீராகும்வரை கீழ் யோர்தானில் ஞானஸ்நானத்தை நிறுத்த வேண்டும் என்றது; இஸ்ரேலிய அதிகாரிகள் தங்கள் சோதனைகளில் தண்ணீர் தகுதியாகவே இருப்பதாகப் பதில் சொன்னார்கள். தொழுநோய் தீர யோர்தானில் மூழ்கச் சொன்னபோது, தமஸ்குவின் நதிகள் இதைவிட நல்லவை அல்லவா என்று அலுத்துக்கொண்ட பழைய ஏற்பாட்டுச் சிரியப் படைத்தலைவன் நாகமானுக்கு இன்று ஆள் சேரும்.

செய்யக்கூடியவை எளியவை. வாயை மூடி மூழ்குங்கள். ஆறாத புண்ணோ அண்மையில் செய்த அறுவைசிகிச்சையோ இருந்தால் காலை மட்டும் நனையுங்கள், அல்லது தலையில் தெளித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் குளியுங்கள். அடி சேறு, படியை விட்டு இறங்கினால் கணுக்கால் வரை புதையும், மேலே படி வழுக்கும். முதியவர்களை இரண்டு பேர் பிடித்து இறக்குவது நல்லது. வெள்ளை அங்கி நனைந்தால் உள்ளே தெரியும் என்பதால் அடர்நிற உடையை உள்ளே அணிவது வழக்கம்.

ஜனவரி, பிப்ரவரி மழையில் நிலைமை தலைகீழ். இந்தச் சின்ன ஆறு சில மணி நேரத்தில் மேடைகளை மூழ்கடிக்கும், தலத்தை மூடிவிடுவார்கள்.

இரண்டு கரையும் பார்க்க வேண்டுமென்றால்

எதிர்க்கரை கல்லெறி தூரம். ஆனால் சட்டப்படி போக, சில கிலோமீட்டர் வடக்கே உள்ள பாலத்தைச் சுற்ற வேண்டும். இஸ்ரேல் தரப்பு அதை அலென்பி பாலம் என்கிறது, ஜோர்டான் தரப்பு மன்னர் ஹுசைன் பாலம் என்கிறது, ஒன்றேதான். அரைநாள் ஒதுக்குங்கள். மற்ற இரண்டு கடவுகள்: வடக்கே பெத்செயான் அருகே ஷேக் ஹுசைன், தெற்கே ஏலாத் – அகாபா இடையே வாதி அரபா.

சிக்கல் வருவது பெரும்பாலும் இந்த ஐந்து இடங்களில்:

1. மன்னர் ஹுசைன் பாலத்தில் ஜோர்டான் விசா அங்கேயே தரப்படுவதில்லை. மேற்கிலிருந்து வருபவர் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். விமான நிலையத்தில் விசா கிடைக்கும் நாட்டவரும் இங்கே திருப்பி அனுப்பப்படுவார்கள்.

2. இஸ்ரேல் விசா ஒற்றை நுழைவா, பல நுழைவா என்று பாருங்கள். டெல் அவீவில் இறங்கி, ஜோர்டான் போய், மீண்டும் டெல் அவீவ் வழியே வீடு திரும்பும் திட்டத்துக்கு ஒற்றை நுழைவு போதாது. இந்தியக் கடவுச்சீட்டுக்கும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் முன்விசா கட்டாயம். ஜோர்டானில் தொடங்கி இஸ்ரேல் வழியாக எகிப்தில் முடிக்கும் குழுப் பயணங்கள் இந்தச் சிக்கலைத் தவிர்ப்பதற்காகவே அப்படி அமைக்கப்படுகின்றன.

3. பயணியின் கடவுச்சீட்டில் இஸ்ரேல் முத்திரை குத்துவதில்லை. நுழைவுச் சீட்டு ஒன்றைத் தனியாகத் தருகிறது. அதைத் தொலைத்தால் சோதனைச் சாவடியில் விளக்கம் சொல்ல வேண்டும். விடுதியில் சுற்றுலாப் பயணிக்கு உரிய வரிவிலக்கும் போகும். ஷேக் ஹுசைன் போன்ற நிலக்கடவில் ஜோர்டான் முத்திரை விழுந்தால், நீங்கள் எங்கே போனீர்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். இஸ்ரேல் போன தடயம் உள்ளவரை உள்ளே விடாத லெபனானுக்குப் பிற்பாடு போக நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

4. பாலத்தைச் சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ கடக்க முடியாது. இரு சாவடிகளுக்கும் நடுவே பேருந்து மட்டும். அதனால் இரு பக்கமும் தனித்தனி வண்டி, தனித்தனி வழிகாட்டி. வெள்ளி, சனிக்கிழமைகளில் பாலம் சீக்கிரம் மூடும்.

5. மலேசியக் கடவுச்சீட்டு இஸ்ரேலுக்குச் செல்லாது என்று அதிலேயே அச்சாகியிருக்கிறது. அரசின் தனி அனுமதி பெறாத மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவருக்கு அல்-மக்தஸ்தான் நேர்வழி. வேதத்தின் "அக்கரை"யும் அதுவே என்பதால் குறைபட வேண்டியதில்லை.

இவற்றோடு எதிர்பாராத மூடல்களையும் கணக்கில் வையுங்கள். 2024 செப்டம்பர் 8 அன்று அலென்பி பாலத்தின் சரக்குப் பகுதியில் மூன்று இஸ்ரேலியர் சுட்டுக்கொல்லப்பட்டதும் ஜோர்டானுடனான நிலக்கடவுகள் எல்லாவற்றையும் இஸ்ரேல் மூடியது. பாலம் மூடினால் ஷேக் ஹுசைன் வழியே போகலாம் என்ற மாற்றுத் திட்டம் அன்று எவருக்கும் உதவவில்லை. பயணக் காப்பீடுகள் பெரும்பாலும் போரால் வரும் இழப்பை விலக்கிவைப்பவை. அந்தப் பிரிவைப் பணம் கட்டுமுன் படியுங்கள். தமிழக அரசு 2011 முதல் எருசலேம் புனிதப் பயணத்துக்கு மானியம் தருகிறது. அதை நம்பித் திட்டமிடுபவர்களுக்கும் இது பொருந்தும். மானியம் செலவின் ஒரு பகுதிக்குத்தான், ரத்தான விமானச்சீட்டின் இழப்பு பயணியுடையது.

அன்றைய தினம்

மேற்குக் கரையில் வேலை சுருக்கம். வண்டி நிறுத்தம், உடை மாற்றும் அறை, படிகள், தண்ணீர். எல்லாம் சில நிமிட நடைக்குள். கிழக்கே அப்படியில்லை. பார்வையாளர் மையத்தில் தனிக் கட்டணம் கட்டி, தலத்தின் பேருந்தில் ஏறி, வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே போக முடியும். புதர்களுக்கு நடுவே நடை, இடிபாடுகள், குளம், பிறகு ஆறு. ஒன்றரை மணி நேரம் வையுங்கள். இடிபாடு பார்க்க விரும்புபவருக்குக் கிழக்கு; மூழ்க மட்டும் விரும்புபவருக்கு மேற்கே போதும்.

இடம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 400 மீட்டர் கீழே. கோடையில் 40 பாகையைத் தாண்டும், காற்று அசையாது. காலை முதல் வேளையில் போங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் குடிநீர் குறைந்தபட்சம்.

கைபேசியை இரண்டு விஷயத்தில் நம்ப வேண்டாம். ஒன்று, 2023 அக்டோபருக்குப் பிறகு இந்தப் பகுதியில் ஜிபிஎஸ் சமிக்ஞையை ராணுவக் காரணங்களுக்காகக் குழப்புகிறார்கள். எரிகோ ஓரம் நிற்பவரை அம்மான் விமான நிலையத்தில் நிற்பதாக வரைபடம் காட்டக்கூடும். காகித வரைபடமும் வழி தெரிந்த ஓட்டுநரும் வேண்டும். இரண்டு, நேரம். ஜோர்டான் 2022 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரத்தைக் கடைப்பிடிக்கிறது. இஸ்ரேல் குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் பின்தங்குகிறது. ஆற்றோரம் நிற்கும் கைபேசி எதிர்க்கரைக் கோபுரத்தைப் பிடித்தால் கடிகாரம் தானாக மாறும், ரோமிங் கட்டணமும் ஏறும். மாலை பாலத்தைப் பிடிக்க வேண்டியவர் தானியங்கி நேரத்தை அணைத்துவிட்டு, இரு நாட்டு நேரத்தையும் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

ட்ரோன் பறக்கவிடக் கூடாது. காவலரையும் சாவடியையும் படம் எடுக்க வேண்டாம். எதிர்க்கரைப் பக்தர்களை எடுப்பதற்குத் தடையில்லை, அவர்களும் உங்களை எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஜனவரி 18, 19 தேதிகளில் ஆர்த்தடாக்ஸ் சபைகளும் எத்தியோப்பியரும் ஞானஸ்நானத் திருவிழா கொண்டாடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். சடங்கைப் பார்க்க வருபவருக்கு அதுவே சிறந்த நாள். அமைதியாக ஜெபிக்க வருபவர் அந்த வாரத்தையே தவிர்க்கலாம்.

கடைசியாக, பாட்டில். ஊருக்குக் கொண்டுபோக எல்லோரும் தண்ணீர் பிடிப்பார்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விமானத்தில் ஏறாது. பெரிய பாட்டிலானால் மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, நெகிழிப் பையில் கட்டி, பெட்டியில் போடுங்கள். ஒரு வாரத்தில் அடியில் வண்டல் படியும், மூடிய பாட்டிலில் பாசி பிடிக்கும். வீட்டில் யாரும் குடிக்க வேண்டாம். வயதானவர்கள் தீர்த்தம் என்று ஒரு வாய் குடித்துவிடுவார்கள், ஆகவே பாட்டிலின் மேல் தமிழில் எழுதி ஒட்டிவிடுங்கள்.